பிடி என்ற சொல்லும் ஒரு மரண விசாரணையும்

ஓய்வுபெற்ற பிறகும் சங்கீதா என்னை விடுவதாக இல்லை. சிங்கப்பூர் நீதிமன்றத்தில் நான் பார்த்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேலையை இப்போது பார்ப்பவள் அவள். போன வாரம் தஞ்சோங் பகாரில் பல் மருத்துவருக்காகக் காத்திருந்தபோது அவளிடமிருந்து குரல்செய்தி வந்தது.

“ஆன்ட்டி, ஒரு ஹெல்ப். சாட்சி ‘நான் புடிச்சேன்’னு சொல்றாரு. சிஸ்டம் ‘கிராப்’னு போட்டுக் குடுக்குது. எனக்கு ‘ஹோல்ட்’னு தோணுது. ரெண்டும் சேம் இல்ல லா. நீங்களா இருந்தா எப்படிப் போடுவீங்க?”

இப்போதெல்லாம் கணினி முதல் வரைவைப் போட்டுத் தந்துவிடுகிறதாம். இவர்கள் சரிபார்க்கிறார்கள். யார், யாரை, எதற்காகப் பிடித்தார் என்று தெரியாமல் சொல்ல முடியாது, தெரிந்தாலும் சில சமயம் சொல்ல முடியாது என்று பதில் அனுப்பினேன். அவள் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினாள். விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அவளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது தற்செயல். தட்டெழுத்தர் வேலைக்கு விண்ணப்பம் போடப் போன இடத்தில், தமிழ் நன்றாக வருமா என்று கேட்டார்கள். வரும் என்றேன். தேர்வு எழுதினேன், ஆறேழு மாதம் நீதிமன்ற அறைகளின் கடைசி வரிசையில் உட்கார்ந்து காது கொடுத்தேன், பிறகு சாட்சிக் கூண்டருகே நிற்க வைத்துவிட்டார்கள். கற்றுக்கொண்டதெல்லாம் நின்ற பிறகுதான்.

எங்கள் தலைவர் திரு அருளப்பன். வெள்ளை முழுக்கைச் சட்டை, அறைக் குளிருக்குச் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. அவர் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. நாம் தவறு செய்தால் அங்கே எதுவும் சொல்ல மாட்டார். மாலையில் நம் மேசைக்கு வந்து, நாம் சொன்ன ஆங்கில வாக்கியத்தை அப்படியே நம் குரலிலேயே சொல்லிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அதைவிடத் திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

மதிய உணவுக்குத் தனியாக சைனாடவுன் வரை நடந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். வழக்கறிஞர்களோடு ஒரு கோப்பி குடித்தவரில்லை. எனக்கு அவர் சொன்ன முதல் அறிவுரையே விசித்திரமாக இருந்தது.

“ஞாயித்துக்கிழமை தேக்கா பக்கம் போகாதேம்மா. இன்னிக்கு உன் பக்கத்துல நின்னு மீன் வாங்குறவரு நாளைக்குக் கூண்டுல நிப்பாரு. உன்னைப் பாத்துச் சிரிப்பாரு. எதிர்த் தரப்பு அதைப் பாத்துக்கிட்டே இருக்கும்.”

தேக்கா தமிழர்கள் கூடும் சந்தைப் பகுதி. அதனால் வேலையில் இருந்த காலம் முழுக்க மீன், கறிவேப்பிலை எல்லாம் குவீன்ஸ்டவுன் சந்தையிலேயே வாங்கினேன். தீபாவளிக்கு முந்தின வாரம் தேக்காவில் விளக்கு போட்டிருப்பதை பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி.

வேலை முறை எளிமையானது. சாட்சிக் கூண்டிலிருந்து ஓரடி தள்ளி நிற்க வேண்டும். முகம் நீதிபதியைப் பார்க்க வேண்டும். சாட்சி ‘நான் அடித்தேன்’ என்றால் நாமும் ‘நான் அடித்தேன்’ என்றுதான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், ‘இவர் அடித்ததாகச் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. சொல்லில் சந்தேகம் வந்தால் நீதிபதியிடம் அனுமதி கேட்டு, மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் விளக்கலாம். வழக்கு முடிந்ததும் எந்தத் தரப்போடும் வெளியில் நின்று பேசக் கூடாது.

ஒரு மாலை அருளப்பன் என் மேசைக்கு வந்து, “பிடி. சொல்லு பாப்போம்” என்றார். நானும் அடுக்கினேன். டாக்சி பிடிப்பது, சளி பிடிப்பது, மழை பிடித்துக்கொள்வது, சம்பளத்தில் பிடித்தம், ஒரு பிடி கீரை, பிடிவாதம், எனக்கு அவரைப் பிடிக்கும்.

“இதெல்லாம் பள்ளிக்கூடம்” என்றார். “கோர்ட்டுல வர்ற பிடி வேற. சட்டையப் புடிச்சான்னா அது சண்டை. கையப் புடிச்சான்னு ஒரு பொண்ணு சொன்னா அது குற்றம், அதையே ஒரு கிழவர் சொன்னா அது உதவி. போலீஸ் புடிச்சாங்கன்னா நிறுத்திக் கேட்டாங்களா, கைது பண்ணாங்களா? நீ எதைச் சொல்றியோ அதைத்தான் நீதிபதி எழுதிக்குவாரு.”

அதற்கு அடுத்த மாதமே வேடிக்கை நடந்தது. லாரி ஓட்டுநர் ஒருவர் கூண்டில் நின்றுகொண்டு, “எனக்கு ஏழரைச் சனி புடிச்சிருக்கு ஐயா” என்று அழுதார். புதிதாகச் சேர்ந்திருந்த என் சக ஊழியர், அவருக்குச் சனிக்கிழமை ஏழரை மணியிலிருந்து பிடித்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். விபத்து நடந்ததோ செவ்வாய்க்கிழமை. அரசுத் தரப்பு வழக்கறிஞர் தாள்களைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். பின்வரிசையில் இருந்த அருளப்பன் எழுந்து, அனுமதி கேட்டு, சனி என்பது ஒரு கிரகம், அது மனிதர்களைப் பிடித்தால் லேசில் விடாது என்று நீதிபதிக்கு விளக்கினார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. ஓட்டுநர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். அருளப்பன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கீதாவுக்கு நான் சொல்ல நினைத்தது இதுவல்ல. அருளப்பன் வேலையில் இருந்த கடைசி ஆண்டில் வந்த ஒரு மரண விசாரணை.

மேற்கே ஒரு கிடங்கின் கூரையில் தகரம் மாற்றும் வேலை. புதுக்கோட்டைப் பக்கத்து ஒரே ஊர்க்காரர்கள் இருவர் மேலே இருந்தார்கள். மூத்தவர் இளங்கோ, இளையவர் பிரபு. வெளிச்சத்துக்காகக் கூரையில் பதித்திருந்த பிளாஸ்டிக் தகட்டில் இளங்கோ கால் வைத்ததும் அது உடைந்தது. பிரபு குப்புற விழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கீழே இருந்தவர்கள் ஏணிக்கு ஓடினார்கள். ஏணி வருவதற்குள் இளங்கோ விழுந்துவிட்டார். சாவுக்கு என்ன காரணம் என்று கண்டறிவதுதான் விசாரணை. பிரபு மேல் குற்றச்சாட்டு எதுவும் கிடையாது.

இளங்கோவின் மனைவி மலரை ஊரிலிருந்து வரவழைத்திருந்தார்கள். முப்பது வயது இருக்காது. யாரிடமோ இரவல் வாங்கிய குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் ஆங்கிலத்தில் சாட்சி சொன்னபோது நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் தமிழில் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். பிரபுவின் முறை வந்ததும் எழுந்து கூண்டருகே போனேன். அந்தச் சில அடி தூரத்தை இப்போதும் நினைக்கிறேன்.

பிரபுவின் இடது கை கழுத்தில் மாட்டிய கட்டுத்துணியில் தொங்கியது. தோள்மூட்டு விலகி, தசை கிழிந்திருந்தது. நடந்ததைத் தெளிவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தகடு உடைந்தது, பாய்ந்து பிடித்தது, கூரைச் சரிவில் தானும் வழுக்கியது எல்லாம் சொன்னார். பிறகு, “புடிச்சுக்கிட்டுதான் இருந்தேன் மேடம். அப்புறம் விட்டுட்டேன்” என்றார்.

‘ஐ லெட் கோ’ என்று சொல்லலாம். அது, தானாகக் கையை எடுத்ததாகிவிடும். பிடி நழுவிவிட்டது என்று ஆங்கிலத்தில் சொல்லலாம். அது, அவர் சொல்லாததை நான் சொன்னதாகிவிடும். தமிழில் இரண்டுக்கும் அந்த ஒரே சொல் போதும். நான் அனுமதி கேட்டு நீதிபதியிடம் ஆங்கிலத்தில் விளக்கினேன். வேண்டுமென்று செய்ததையும் தன்னை மீறி நடந்ததையும் இந்தச் சொல்லால் சொல்வார்கள், மனம் நொந்து பேசுகிறவர் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டும் இப்படிச் சொல்வார் என்றேன். நீதிபதி பொறுமையானவர். எழுதிக்கொண்டார்.

“அவரிடமே கேளுங்கள். கை நழுவியதா, அவராக விட்டாரா?”

“கை நழுவிப் போச்சா, இல்ல நீங்களா விட்டீங்களா?” என்று கேட்டேன்.

பிரபு நீதிபதியைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, பின்வரிசையைப் பார்த்தார்.

“விட்டுட்டேன் மேடம்.”

நீதிபதி கேள்வியை வேறு மாதிரி மாற்றிக் கேட்டார். நானும் மாற்றிக் கேட்டேன். மறுபடியும் அதே சொல்தான் வந்தது. கடைசியில் நீதிபதி, போதும், அவர் உட்காரலாம் என்றார்.

முடிவு சொன்ன நாளில் நான் மலர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மருத்துவச் சான்றின்படி அந்தத் தோளால் அதற்கு மேல் ஓர் ஆளின் எடையைத் தாங்கியிருக்க முடியாது, பிடி தளர்ந்ததால் இளங்கோ விழுந்தார், சக ஊழியர் தன்னால் இயன்ற எல்லாவற்றையும் செய்தார் என்று நீதிபதி வாசித்தார். நான் மலர் காதில் தமிழில் சொன்னேன்.

மலர் என் பக்கம் திரும்பினார்.

“பிடி தளந்துச்சுன்னா சொல்றாங்க?”

“ஆமாம்மா.”

“அவன் அப்படிச் சொல்லலையே. விட்டுட்டேன்னுதானே சொன்னான். என் காதால கேட்டேனே.”

எல்லோரும் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். நடைபாதையில் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அக்கா, நீங்க இங்கிலீஷ்ல மாத்திச் சொல்லிட்டீங்களா? அவனுக்கு வேலை போயிடக் கூடாதுன்னு மாத்திட்டீங்களா? நீங்களும் தமிழ்தானே அக்கா. உங்களுக்குப் புரியாமலா இருக்கும்?”

நான் நீதிபதிக்குச் சொன்ன விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் ஒரு சொல்கூட அவருக்குப் புரிந்திருக்காது. அவருக்கு அதைத் தமிழில் சொல்ல வேண்டியவள் அப்போது கூண்டருகே நின்று நீதிபதியிடம் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லலாம் என்றால், வழக்கைப் பற்றி எந்தத் தரப்பிடமும் பேசக் கூடாது. பக்கத்தில், கூரை வேலையை எடுத்திருந்த நிறுவனத்தின் வழக்கறிஞர் கைப்பெட்டியைப் பூட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றார்.

“நான் எதையும் மாத்தலம்மா. அதுக்கு மேல நான் பேசக் கூடாது” என்றேன்.

அவர் என் கையை விட்டார். கோபப்படவில்லை. கூட வந்திருந்த ஒருவரிடம், “வாங்கண்ணே, போலாம்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று மாலை நானே அருளப்பன் மேசைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். என் குரலில் எதையும் சொல்லிக் காட்டவில்லை அவர். வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அனுமதி கேட்டு விளக்கினது சரி. வெளியில பேசாதது சரி” என்றார். பிறகு, “அந்தம்மா எப்ப ஊருக்குப் போறாங்க?” என்று கேட்டார். அவர் ஒரு தரப்பைப் பற்றி விசாரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எனக்குத் தெரியவில்லை என்றேன். தலையாட்டிவிட்டு, கம்பளிச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்.

ஆண்டுகள் போயின. அருளப்பன் ஓய்வுபெற்றார், பிறகு காலமானார். போன ஆண்டு எனக்கும் விருந்து வைத்து, மாலை போட்டு அனுப்பினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்த முதல் காரியம், தேக்காவுக்குப் போனதுதான். சந்தையில் வஞ்சிரம் வாங்கினேன். கூட்டத்தில் இடிபட்டேன். பூக்கடைப் பெண், “என்னக்கா, புதுசா?” என்று கேட்டபோது சிரிப்பு வந்தது.

அதன் பிறகு ஞாயிறுதோறும் போனேன். ஒரு மாலை, கோப்பிக் கடையில் தே தாரிக் என்ற ஆற்றிய தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது எதிரில் ஒருவர் வந்து நின்றார். வலது தோளில் பை. இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார்.

“மேடம், கோர்ட் மேடம்தானே?”

பழக்கத்தில் எழுந்திருக்கப் பார்த்தேன். பிறகு, இனி எழுந்து போக வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

“உக்காருங்க பிரபு.”

பெயர் நினைவிருந்ததில் அவருக்கு ஆச்சரியம். உட்கார்ந்தார். இப்போது ஒரு நிறுவனத்தில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிறாராம். தோள் முழுசாகச் சரியாகவில்லை. கொஞ்ச நேரம் மழை, வேலை என்று பேசினார். பிறகு, “மேடம், அன்னிக்கு நான் சொன்னதை நீங்க இங்கிலீஷ்ல எப்படிச் சொன்னீங்க?” என்றார்.

சொன்னேன். நீதிபதிக்கு விளக்கியதையும் சொன்னேன். அவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இளங்கோ அண்ணன்தான் மேடம் சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

“‘விடுடா, நீயும் வந்துடுவ’ன்னாரு. நான் சரிவுல இறங்கிக்கிட்டே இருந்தேன். என் தலை ஓட்டைக்கு மேல வந்துடுச்சு. அவரு மேல பாத்துச் சொன்னாரு. அதுக்கப்புறம் நான் விட்டேனா, அதுவா போச்சான்னு எனக்கே தெரியல மேடம். இன்னி வரைக்கும் தெரியல.”

“இதை ஏன் அங்க சொல்லல?”

“நழுவிச்சா, விட்டியான்னுதானே கேட்டாங்க? அண்ணி வேற பின்னாடி உக்காந்திருந்தாங்க. செத்தவரே விடச் சொன்னாருன்னு நான் சொன்னா, பழிய அவரு மேல போட்டுத் தப்பிக்கிற மாதிரி இருக்காதா?”

இளங்கோவின் அம்மா வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவராம் பிரபு. பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாராம். விசாரணை முடிந்து பேசியபோது அந்த அம்மா தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: “ஏன்டா விட்ட?” அதன் பிறகு பிரபு அந்த வீட்டுக்குப் பேசவில்லை. விடுமுறைக்குப் போனால் திருச்சியில் மனைவி வீட்டோடு சரி, சொந்த ஊருக்குள் கால் வைக்கவில்லை.

மலரின் எண் அவரிடம் இருந்தது. அவர் அழைக்க மாட்டேன் என்றார். நான் அழைக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அருளப்பன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு கணம் யோசித்தேன். எண்ணை அழுத்திவிட்டேன்.

சிங்கப்பூரிலிருந்து, நீதிமன்றத்தில் தமிழ் சொன்னவள் என்றதும் மலருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அன்று சொல்ல முடியாததைச் சொல்லத்தான் கூப்பிட்டேன், விட்டுட்டேன் என்ற சொல்லுக்கு என்று ஆரம்பித்தேன். அவர் இடைமறித்தார்.

“அது எனக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா. பையன் ஒரு நாள் பள்ளிக்கூடத்துலேருந்து அழுதுக்கிட்டே வந்தான், பஸ்ஸ விட்டுட்டேம்மான்னு. ஏன்டா விட்டன்னு அடிக்கக் கை ஓங்கிட்டேன். அப்படியே உக்காந்துட்டேன்கா. பஸ்ஸ யாராச்சும் வேணும்னு விடுவாங்களா?”



“பிரபுகிட்டச் சொல்லலையா?” என்றேன்.

“என்ன நம்பர்ல இருக்கான்னு தெரியல. அவங்க வீட்டுலயும் எங்களோட பேச்சு இல்ல. அதுவுமில்லாம என்னன்னு சொல்றது? அத்தைகிட்டச் சொல்லிப் பாத்தேன். அவங்க ஏத்துக்கல. போன தை மாசம் போய்ச் சேந்துட்டாங்க. கடைசி வரைக்கும் அவன் விட்டுட்டான்னேதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க.”

எதிரில் பிரபு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இங்கேதான் இருக்கிறார் என்று மலரிடம் சொன்னேன். அவர் என்னிடம் இன்று சொன்னதையும் சொன்னேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

“அக்கா, விடுன்னு சொன்னாரா, விடுடான்னு சொன்னாரா?”

பிரபுவைக் கேட்டேன். கேட்டு, “விடுடான்னுதான் சொன்னாராம்” என்றேன்.

“அப்ப அவரு பயப்படல” என்றார் மலர். “பயம் வந்துட்டா அவருக்கு எல்லாரையும் வாங்க போங்கன்னு வந்துடும்கா. எனக்குப் பிரசவ வலி வந்தப்ப என்னையே வாங்க போங்கன்னுதான் பேசினாரு. டா போட்டாருன்னா பயப்படல.” பிறகு, “அவன்கிட்டக் குடுங்கக்கா” என்றார்.

போனைப் பிரபுவிடம் நீட்டிவிட்டு எழுந்து மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். அவர் குனிந்து உட்கார்ந்து பேசினார். அண்ணி என்பது மட்டும் கேட்டது, பிறகு ஆமா அண்ணி, ஆமா அண்ணி. ஒரு முறை, “ரொம்ப நேரம் புடிச்சிருந்தேன் அண்ணி” என்றார். பஸ் ஒன்று வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அதற்குள் பேச்சு முடிந்திருந்தது.

போனைச் சட்டையில் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

“ஊருக்கு வரச் சொல்றாங்க மேடம்.”

“போயிட்டு வாங்க” என்றேன்.

“பெரியம்மாவே போயிட்டாங்களாமே மேடம்” என்றார். “இப்ப நான் போய் யார்கிட்டச் சொல்றது?”